'ஸ்கின் கலர்' ட்யூபைத் தூக்கிப் போடுங்க!

ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஜன்னலோரம் வரிசையாகக் கறுப்பு, மாநிற முகங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறந்த பெண்கள் விடுதியில் மட்டுமே 18,720 பேர் தங்கலாம். செல்போன் தயாரிக்கும் ஏரியா இது. ஆனால், அந்த போனில் செல்ஃபி எடுத்தால் பல பியூட்டி ஃபில்டர்கள் முதலில் செய்வது, முகத்தை வெளுப்பாக்குவதைத்தான்!

ஆயில் பெயின்டிங் பழகுகிறவர்களுக்கும் இதே சிக்கல். 'ஸ்கின் கலர்' என்று கேட்டால், வெளிர் ரோஸில் ஒரு ட்யூப் வரும். யாருடைய ஸ்கின் அது? அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம், 'ஃப்ளெஷ்' என்ற தன் க்ரேயான் பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நாம்தான் இன்னும் விடவில்லை.

நாலே கலர் போதும். வெள்ளை, யெல்லோ ஆக்கர், சிவப்பு, ஐவரி பிளாக். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860-1920) பெயரில் புகழ்பெற்ற கூட்டணி இது. அவருடைய சிவப்பு, பாதரசம் உள்ள வெர்மிலியன். இப்போது பலரும் காட்மியம் ரெட் வாங்குகிறார்கள். (அதுவும் சாதுவல்ல, கையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சிவப்பில் கறுப்பு சேர்த்தால் அடர் பிரவுன். ஆக்கர் சேரச் சேர மாநிறம். இதுவரை சுலபம். கன்னத்தில் வெளிச்சம் காட்ட வெள்ளையை அள்ளி அப்பும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். முகம் சாம்பல் பூத்து, நோயாளி மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தை முதலில் ஆக்கரிலும் சிவப்பிலும் ஏற்றுங்கள். வெள்ளை மூக்கு நுனிக்கும் நெற்றி மேட்டுக்கும் ஒரு துளி, அவ்வளவுதான். நீலம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், பிரவுனுக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும். டியூப்லைட்டில் மின்னும் நெற்றிக்கு அது கச்சிதம். ஐவரி பிளாக் மெதுவாகத்தான் காயும். அடியில் தடிமனாகப் பூசினால் மேல் பூச்சு பின்னாளில் விரிசல் விடும்.

கறுப்பை மறைக்காமல் வரைந்தவர் என்றால் எனக்கு ஓவியர் இளையராஜாதான். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் நம் ஊர்ப் பெண்களை, நிறத்தில் ஒரு சொட்டும் குறைக்காமல் ஆயிலில் வரைந்தார். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. தூரிகையைத் தொடும் முன் அவருடைய ஓவியம் ஒன்றை போனில் பெரிதாக்கி, அந்த முகத்தில் வெளிச்சம் எங்கெல்லாம் விழுகிறது என்று தேடிப் பாருங்கள்.