காருக்குள் நீர்: வெள்ளம் வடிந்த பிறகும் வடியாத நட்டம்

மழைக்காலம் வந்துவிட்டால் பட்டர்வொர்த், மாக் மண்டின், பிறை வட்டாரப் பட்டறைகளுக்கு ஒரே வகைப் புகார் அடிக்கடி வரும். "காருக்குள்ளே தண்ணீர் நிற்கிறது, ஈர வாடை போகவே மாட்டேன் என்கிறது." சிலருக்கு இது ஒரு ரப்பரை மாற்றினால் தீர்ந்துவிடும் சிறிய வேலை. வேறு சிலருக்கோ, வாங்கிய கார் முன்பு வெள்ளத்தில் மூழ்கியது என்ற உண்மை அன்றுதான் தெரிய வருகிறது.

1960-களில் உருவான மாக் மண்டின் தொழிற்பேட்டையிலும் அதைத் தொடர்ந்து வளர்ந்த பிறைத் தொழிற்சாலைகளிலும் நம்மவர்கள் பலர் ஷிப்டு வேலை செய்கிறார்கள். இரவு ஷிப்டுக்குப் பேருந்தை நம்பிப் போக முடியாது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வருபவருக்கும் தாமான் வீட்டில் இருப்பவருக்கும் கார் ஆடம்பரம் அல்ல, சம்பளத்தைக் கொண்டு வரும் பொருள். அதனால் காருக்குள் புகும் நீர் நேராகக் குடும்பத்தின் வரவு செலவில்தான் கை வைக்கிறது.

2017 நவம்பர் 4, 5-ஆம் தேதிகளில் பினாங்கு கண்ட பெருமழையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. தீவிலும் செபராங் பிறையிலும் வீடுகள் மூழ்கின, 7 உயிர்கள் பறிபோயின, மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்டது. வாசலில் நிறுத்தியிருந்த கார்கள் இரவோடு இரவாக நீருக்குள் போயின. அடுத்து 2021 டிசம்பரில் சிலாங்கூர் உட்படப் பல மாநிலங்கள் மூழ்கின. அந்த ஆண்டு வெள்ளத்தின் மொத்த இழப்பை 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் வாகனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு மட்டும் சுமார் 100 கோடி வெள்ளி.

இந்த 100 கோடியை யார் சுமந்தார்கள் என்பதுதான் கேள்வி. முழுக் காப்புறுதி எடுத்திருந்தால் வெள்ளத்துக்கும் பணம் கிடைக்கும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். வழக்கமான முழுக் காப்புறுதி விபத்து, தீ, திருட்டு ஆகியவற்றுக்கே பொருந்தும். வெள்ளம், புயல், நிலச்சரிவு போன்றவை 'சிறப்பு அபாயங்கள்' என்ற தனிப் பிரிவில் அடங்கும். கூடுதல் கட்டணம் செலுத்தினால்தான் அந்தப் பாதுகாப்பு உண்டு.

அந்தக் கட்டணம் பெரும்பாலும் காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு, அல்லது அதற்கும் குறைவு. 20,000 வெள்ளி மதிப்புள்ள காருக்கு 0.5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 100 வெள்ளி. மாதக் கணக்கில் 9 வெள்ளிகூட ஆகாது. ஆனால் சாலை வரி புதுப்பிக்கும் நாளில் முகவரிடம் "எது மலிவோ அதைப் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். முதலில் வெட்டுப்படுவது இந்த 100 வெள்ளிதான். இன்னும் பழைய கார்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருக்கும். அது மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும். சொந்தக் கார் மூழ்கினால் ஒரு காசும் தராது. கார் பட்டறையில் கிடந்தாலும் வங்கிக்குக் கட்ட வேண்டிய மாதத் தவணை நிற்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கிருந்துதான் இரண்டாவது சிக்கல் பிறக்கிறது. காப்புறுதி இல்லாமல் மூழ்கிய காருக்கு இழப்பீட்டுக் கோரிக்கையே இருக்காது. கோரிக்கை இல்லையென்றால் காப்புறுதிப் பதிவேட்டில் அதன் வெள்ளக் கதையும் இருக்காது. கழுவி, காய வைத்து, வாசனை தெளித்துக் குறைந்த விலைக்கு விற்றால் கேட்பாரில்லை. பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையோ எஞ்சின் எண், சேசிஸ் எண் போன்ற அடையாளங்களையே முக்கியமாகப் பார்க்கிறது. கம்பளத்தின் அடியில் சேறு இருக்கிறதா என்று தேடுவது அதன் வேலையல்ல. மலிவான கார் தேடுபவர் கையில்தான் கடைசியில் அந்தக் கார் வந்து சேர்கிறது.

எல்லா ஈரமும் வெள்ளமல்ல என்பதையும் அறிந்திருப்பது நல்லது. மழையே இல்லாத நாளில், ஏர்கோன் போட்ட பிறகு முன் இருக்கையின் காலடியில் வாடையற்ற தெளிந்த நீர் சேர்ந்தால், ஏர்கோன் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்வது பெரிய செலவல்ல. மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் கண்டால் கதவு ரப்பர், முன் கண்ணாடியின் ஒட்டுப் பசை, பின் விளக்கின் ரப்பர், கண்ணாடிக்குக் கீழே இலைகள் அடைத்த வடிகால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே அமர, மற்றொருவர் வெளியே கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக நீர் பாய்ச்சினால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். இவை தேய்மானத்தால் வருபவை, காப்புறுதியில் கேட்க முடியாது.

வெள்ளக் காரின் அடையாளங்கள் வேறு. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் நுனியில் சேற்றுக் கறை தெரியும். இருக்கையின் அடித் தண்டவாளத்திலும் திருகுகளிலும் துரு இருக்கும். பூட்டில் ஸ்பேர் டயரைத் தூக்கினால் மண் படிந்திருக்கும். பழைய காருக்குப் புத்தம் புதுக் கம்பளம் போட்டிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

இதை வெறும் வாடைப் பிரச்சினையாக ஒதுக்கவும் கூடாது. பல கார்களில் மின்கம்பிகள் கம்பளத்தின் அடியில்தான் ஓடுகின்றன. காற்றுப்பையை இயக்கும் கருவியும் பெரும்பாலும் நடுப்பகுதியில், தரையோடு ஒட்டியே இருக்கிறது. அங்கே துரு பிடித்தால் விபத்து நேரத்தில் காற்றுப்பை விரியாமல் போகலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் கார் என்றால் அந்த ஆபத்தின் கனம் சொல்லாமலே விளங்கும்.

ஏமாந்தவருக்கு வழி இருக்கிறது. கார் வணிகரிடம் வாங்கியவர் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் தனிநபரிடம் நேரடியாக வாங்கியவருக்கு அந்தக் கதவு திறக்காது. மலிவு விலைக்காகத் தெரிந்தவர் மூலம் வாய்ப்பேச்சில் கார் வாங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. வாங்கும்போதே "வெள்ளத்தில் மூழ்காத கார்" என்று எழுதி வாங்கிக்கொள்வதும், நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் அவர்களுக்குக் கிடைக்கும் சிறந்த பாதுகாப்பு.

தனிமனித எச்சரிக்கையோடு இது முடிந்துவிடவும் கூடாது. கார் விற்பவர் வெள்ளச் சேதத்தை எழுத்தில் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கலாம். பெயர் மாற்றப் பரிசோதனையில் வெள்ள அடையாளங்களையும் சேர்க்கலாம். காப்புறுதி முகவர்கள் வெள்ளப் பாதுகாப்பு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, வேண்டாம் என்பவரிடம் கையெழுத்து வாங்கலாம். பெரிய செலவில்லாத இந்த மூன்றையும் பயனீட்டாளர் அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் வலியுறுத்த வேண்டும்.

அதுவரை, அடுத்த முறை சாலை வரி புதுப்பிக்கும்போது முகவரிடம் ஒரு கேள்வி கேட்பது நம் கையில் இருக்கிறது: "இதில் வெள்ளத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா?" இல்லை என்றால் எவ்வளவு கூடும் என்று கேட்டுக் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். வீட்டு வாசலில் நீர் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.