மறுப்பும் ஒரு மறுமொழியே

பெருமை தேடி வரும்போது வேண்டாமென்பவரைச் செருக்குடையவர் என்று கருதுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். ஆடம் கூட்ஸின் ஆட்ட வாழ்வை அறிந்தபின் அவ்வெண்ணத்தை நாம் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, அணிக்குப் பதினெட்டுப் பேராக நீள்வட்ட மைதானத்தில் ஆடப்படுவது. அதில் 1999 முதல் 2015 வரை சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக 372 ஆட்டங்கள் ஆடியவர் கூட்ஸ். அந்நாட்டின் தொல்குடி மரபினர். 2005இலும் 2012இலும் அவரது அணி வாகை சூடியது. சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்கென நடுவர்கள் வாக்களித்து வழங்கும் பிரவுன்லோ பதக்கத்தை 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் பெற்றார்.

2013 மே மாதம் மெல்போர்ன் மைதானத்தில் பார்வையாளர் பக்கமிருந்து அவரைக் குரங்கென இகழ்ந்தது ஒரு குரல். அத்திசையில் விரல் நீட்டிச் சுட்டினார். இகழ்ந்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளைப் பழிக்க வேண்டாமென்று மறுநாளே கேட்டுக்கொண்டவரும் அவர்தாம். 2014இல் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ எனச் சிறப்பிக்கப்பட்டார்; இனவெறியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். பின்னர், அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் கேலிக் கூச்சல் எழலாயிற்று. 2015 மே மாதம் கோல் அடித்த மகிழ்வில் தொல்குடிப் போர் நடனம் ஆடிக் காட்டினார், கூச்சல் பெருகிற்று.

நடுவரை ஏய்க்க நடிக்கிறார், அதனால்தான் கூவுகிறோம் என்றனர் சிலர். நேர்மைக்காக நடுவர்களே இருமுறை தேர்ந்த ஒருவர்மீது இப்பழி! வசைச்சொல்லைச் சான்றாக எடுத்துக்காட்டலாம்; கூச்சலில் சொல்லே இல்லை. ஆகவே அதன் பொருளை மறுப்பது எளிதாயிற்று. ஆட்ட நிர்வாகமும் உரிய வேளையில் உறுதியாகப் பேசவில்லை. அந்த ஆண்டே கூட்ஸ் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுவோர்க்கு இறுதியாட்ட நாளில் நடக்கும் வழியனுப்பு ஊர்வலத்திலும் அவர் பங்கேற்கவில்லை.

2019இல் ஆட்ட நிர்வாகமும் பதினெட்டு அணிகளும் மன்னிப்புக் கேட்டன. 2021இல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்க்க முன்வந்தபோது, கூட்ஸ் மறுத்துவிட்டார்.

ஏற்றிருந்தால் புண் ஆறியிருக்குமே என்று கேட்பவருண்டு. யாருடைய புண் என்பதே நம் கேள்வி. மன்னிப்புக் கேட்பது தவறியவர் கடன்; அக்கடன் தீர்ந்ததென்று எழுதிக் கொடுப்பது இழந்தவர் கடமையன்று. சிறுமியை மன்னித்தவர், பெரியவர்களின் மௌனத்தை மறக்க மறுத்தார். இதனைச் செருக்கென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.