குற்றவாளியின் கணக்கு



குற்றம் புரிவோர் நம்மினும் வேறான பிறவியர் என்றே எண்ணுகிறோம். பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் அவ்வாறு எண்ணவில்லை. 1960களில் ஒருநாள், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தக் காரில் சென்றார்; நேரமாகிவிட்டது. பிடிபடும் வாய்ப்பு, அபராதம், கட்டண நிறுத்துமிடத்தின் செலவு ஆகியவற்றை மனத்திற்குள் ஒப்பிட்டார். விதியை மீறித் தெருவிலேயே காரை நிறுத்தினார். குற்றவாளியும் இவ்வாறே இலாப நட்டம் பார்க்கிறான் என்று 1968இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1992இல் நோபல் பரிசு பெற்றார்.

மேற்கு ஜெர்மனியில் 1980இல், தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு உடனடி அபராதம் வந்தது. அவ்வாண்டில் சுமார் ஒன்றரை இலட்சமாயிருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள், 1986இல் ஏறத்தாழ 54 ஆயிரமாகக் குறைந்தன. தலைக்கவசமின்றித் திருடிச் செல்பவன் காவலர் கண்ணில் எளிதில் படுவான் அன்றோ!

கோபமும் போதையும் இக்கணக்கைக் குலைப்பதுண்டு. ஆயினும் நம் இல்லங்களுக்கு இதில் பாடமுண்டு. என்றோ ஒருநாள் விழும் பேரடியைவிட, சிறு தவறும் அன்றே கேட்கப்படும் என்னும் உறுதியே பிள்ளையைத் தடுக்கும். பேருந்தில் மகனின் வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட் வாங்கும் தந்தையோ, அந்தக் கணக்கைத் தாமே அவனுக்குக் கற்பித்துவிடுகிறார்.