சுட்டுட்டானுங்க!

ராமேஸ்வரத்தில், விசைப்படகுகள் கடலுக்குப் போயிருக்கும் ஒரு புதன்கிழமை ராத்திரி இரண்டரை மணிக்கு, மீனவர் வீட்டு மாடியிலிருந்து, 'எல்லாம் போச்சு! சுட்டுட்டானுங்க!' என்று யாரும் கத்தக் கூடாது. என் நண்பரின் மகன் கத்தினான்.

நான் பாயை விட்டு எழுவதற்குள் அவன் அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒரு பாட்டி அழவே ஆரம்பித்துவிட்டாள். நண்பர் அன்றைக்குக் கடலில். மாடிக்கு ஓடிப் பார்த்தால் பையன் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். சுடப்பட்டது அவனுடைய விண்கலம். கம்ப்யூட்டரில்.

அம்மா அவனுக்குக் கொடுத்த பூஜையை (வயது இருபத்து மூன்று, பி.இ. மெக்கானிக்கல்) விவரிப்பதாக இல்லை. கூட்டம் கலைந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. 'என்னதாண்டா ஆச்சு?' என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. விடிகிற வரைக்கும் சொன்னான்.

விளையாட்டின் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்துக்காரர்கள் 2003-ல் ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே வான்வெளியில் கப்பல் ஓட்டுகிறார்கள், கல் உடைக்கிறார்கள், சரக்கு ஏற்றுகிறார்கள், ஒருத்தனை ஒருத்தன் கொள்ளையடிக்கிறார்கள். நட்சத்திர மண்டலம் ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. 1.0 முதல் 0.5 வரை போலீஸ் காவல். அதற்குக் கீழே கஷ்டம். ஜீரோவுக்குப் போனால் அவரவர் சாமர்த்தியம். பையன் போனது 0.5 வழியாக. சட்டப்படி பத்திரமான பாதை.

'போலீஸ் இருக்குன்னியே?'

'வந்துச்சு மாமா. நான் செத்தப்புறம்.'

நம் ஊர் நடப்பை யாரோ ஐஸ்லாந்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். காங்கார்ட் என்கிற அந்தப் போலீஸ் குற்றத்தைத் தடுக்காது, தண்டிக்கும். சுட்டவனை விடவே விடாது, அவன் கப்பல் காலி. ஆனால் வந்து சேர நேரம் பிடிக்கும். 1.0-ல் சில செகண்ட், 0.5-ல் ஏறக்குறைய 20 செகண்ட். அந்த 20 செகண்டுக்குள் பத்து ஓட்டைக் கப்பல்கள் சேர்ந்து ஒரு சரக்குக் கப்பலை உடைத்துவிடலாம். உடைந்த கப்பலில் சரக்கு பாதிக்குப் பாதிதான் தப்பும். அந்தப் பாதியின் விலை, பத்து ஓட்டைக் கப்பல்களின் விலையை விட அதிகமா? அப்படியானால் நீங்கள் இரை. ராத்திரி பஸ்ஸில் பத்து சவரன் சங்கிலியோடு வாயைத் திறந்து தூங்குகிறவர் நினைவுக்கு வருகிறாரா, அதே கணக்குதான். வெறுங்கழுத்தோடு போகிறவனை யாரும் தொடுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2011 வரை, கொள்ளையடித்தவனின் கப்பலைப் போலீஸ் உடைத்தால் அவனுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்துகொண்டிருந்தது! அப்புறம்தான் நிறுத்தினார்கள். என் ஸ்கூட்டருக்கு க்ளெய்ம் வாங்க நான் நடந்த நடையை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

'எல்லா வழியையும் முழுசாப் பத்திரமாக்கிட்டா என்னடா?'

'அப்புறம் அது கேம் இல்ல மாமா, ஆபீஸு. சரக்கு எடுத்துட்டுப் போறதுல ரிஸ்க்கே இல்லேன்னா கூலி யார் தருவா?'

வேறு ஒரு விண்வெளி ஆட்டத்தில், எலைட் டேஞ்சரஸ் என்று பெயர், தனியாக ஆட வசதி இருக்கிறதாம். வேறு மனிதனே எதிரில் வரமாட்டான். 'அது கடல்ல குளிக்காம தொட்டில குளிக்கிற மாதிரி' என்று தள்ளிவிட்டான். சரி, அப்படியே ஆபத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? அதையும் ஈவ்-காரர்கள் செய்து பார்த்தார்கள். ஜீரோ பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஓரத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் தெரியும். 2019 ஜூலையில் அதை மறைத்தார்கள். சிலிர்ப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆடுகிறவர்கள் எண்ணிக்கைதான் குறைந்தது. செப்டம்பரில் பட்டியல் திரும்பி வந்தது. எதிரே வருவது யார் என்று தெரிகிற வரை மனுஷன் ஆபத்துக்குத் துணிகிறான். தெரியாவிட்டால் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறான்.

இந்த இடத்தில் என் பங்குக்கு நானும் கொஞ்சம் சரித்திரம் சொன்னேன். இதே சீமையில் 400 வருஷத்துக்கு முன்னால் ராமேஸ்வரம் யாத்திரிகர்களைக் காட்டு வழியில் கள்வர்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காவலாகத்தான் 1605 வாக்கில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தினார். சேதுவைக் காப்பவர் என்பதே பட்டத்தின் அர்த்தம். பின்னால் வந்த சேதுபதிகள் வழி நெடுக சத்திரம் கட்டினார்கள். காவல் இருந்தால் ஜனம் வரும், ஜனம் வந்தால் கடை வரும்.

'ஜீட்டா மாதிரி' என்றான். ஈவ்-ன் பெரிய சந்தையாம். மார்க் 0.9.

விடிந்ததும் இருவரும் படகுத்துறைக்குப் போனோம். இங்கே விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள். அந்தக் கட்டுப்பாட்டில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் கடலில் போட்ட கோட்டில். 1974-லும் 1976-லும் இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு வரைந்தது. இழுவைமடி போட்டு வருஷக்கணக்காக அடிவரை வாரியதில் கோட்டுக்கு இந்தப் பக்கம் இறால் அருகிவிட்டது. அந்தப் பக்கம் போனால் இலங்கைக் கடற்படை. ஆளைப் பிடித்தால் சிறை, படகு பல சமயம் திரும்புவதே இல்லை. சுடப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. அவர்கள் வேறு உடம்பில் எழுந்து அடுத்த ஆட்டம் ஆடவில்லை. ஒன்றையும் மறைக்கக் கூடாது: மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களும் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான். 2009-ல் போர் முடிந்து, கடன் வாங்கி வலை விரித்தவர்கள். அந்த வலைகளை அறுத்தது நம் மடி. 2017-ல் இலங்கை இழுவைமடிக்கே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது.

நண்பரின் படகு ஏழு மணிக்குக் கரை வந்தது. ஐஸ் பெட்டி பாதி காலி. எங்கே வலை போட்டீர்கள் என்று கேட்டேன். 'கடல்லதான்' என்றார்.

பையன் தானே முந்திக்கொண்டு ராத்திரிக் கூத்தைச் சொன்னான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்.

'எத்தனை நேரத்துல போலீஸ் வந்துச்சு?'

'இருபது செகண்டுப்பா.'

'பரவாயில்லையே.' வாளித் தண்ணீரில் காலைக் கழுவினார். பிறகு கேட்டார்: 'அதுல, போலீஸ் இருக்கிற பக்கமாவே நின்னு தொழில் பண்ண முடியுமா?'

'முடியும்ப்பா. மட்டமான கல்லுதான் கிடைக்கும். காசு கம்மி. ஆனா வருஷக்கணக்கா அங்கேயே இருந்து பிழைக்கிறவங்க நிறையப் பேர்.'

நண்பர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 'அப்புறம் நீ எதுக்குடா அவ்வளவு சரக்கை ஏத்துன?' என்றார்.