தூக்கிப் போடுமுன் காது கொடுங்கள்!



லேபில் ஒரு மெஷின் ஓடவில்லை என்றால் நம் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை என்ன? "போர்டு போச்சு சார்!" அதற்கு அடுத்த வார்த்தை, "வேற மெஷின் குடுங்க சார்!" இந்த இரண்டையும் சொல்ல மூன்று வருஷம் டிப்ளமோ படிக்க வேண்டுமா? தெருமுனையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லி விடுவார்களே! ஓடாத மெஷின் ஏன் ஓடவில்லை என்று சொல்லத் தெரிந்தால்தான் நாம் டெக்னீஷியன். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது பாடப் புத்தகம் அல்ல. என்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வயதான ஒரு பழைய கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டர் இப்போது நம் துறையின் 'கண்டம்' பட்டியலில் இருக்கிறது. எடைக்குப் போடப் போகிறார்கள். அதற்குள் என் கருத்தைச் சொல்லி விடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

யார் இந்தக் கிழவர்?

லண்டனில் செய்தி வாசிக்கும் பிபிசியின் பெயரில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது என்று சொன்னால் நம்மில் பல பேர் சிரிப்போம். நானும் சிரித்தேன். பிபிசி நிறுவனம் டெலிவிஷன் மூலம் மக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்க நினைத்தபோது, அதற்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏக்கான் என்ற கம்பெனி செய்து கொடுத்த மெஷின் இது. பெயர் பிபிசி மைக்ரோ. வெளிவந்தது 1981 டிசம்பரில். உள்ளே 6502 பிராசசர், வேகம் 2 மெகா ஹெர்ட்ஸ். மாடல் பி என்ற வகையில் ரேம் 32 கிலோ பைட். நம் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவைக்கூட இதற்குள் வைக்க முடியாது!

இது இந்தியாவுக்கு வந்த கதையும் உண்டு. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறிமுகம் செய்வதுதான் நோக்கம். முதல் கட்டத்தில் சுமார் 250 பள்ளிகள். அவற்றுக்குக் கொடுக்கப்பட்டவை இந்த பிபிசி மைக்ரோக்கள்தான். நம் நாட்டில் ஒரு தலைமுறை மாணவர்கள் முதன்முதலாகத் தொட்ட கீபோர்டு இதுதான்.

நம் லேபுக்கு வந்தது ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பீரோவில் பூட்டிக் கிடந்ததாம். "பிள்ளைங்க தொட்டா கெட்டுப் போயிரும்னு பூட்டி வச்சாங்க. பூட்டி வச்சே கெட்டுப் போச்சு" என்று லேப் அண்ணன் சொன்னார்.

நான் செய்த முட்டாள்தனம்

போன செமஸ்டரில் ஒரு நாள் மதியம், ஆர்வக் கோளாறில் அதை எடுத்துத் துடைத்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டு விட்டேன். ஐந்து நிமிஷம் இருக்கும். உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம். குப்பென்று புகை. கருகிய நாற்றம் வராண்டா வரை போனது.

"ஏலே, போச்சுல! ஓரமா தூக்கி வச்சிட்டு வால, சார் வந்திரப் போறாரு" என்றான் கூட இருந்த நண்பன்.

சார் வந்து விட்டார். திட்டுவார் என்று நடுங்கிக் கொண்டு நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"சுவிட்சைப் போடறதுக்கு முன்னால எதைப்பா பார்த்த?"

"எதையும் பார்க்கல சார். நேரா போட்டுட்டேன்."

"அப்ப இனிமேலாவது பாரு" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார்.

பாடம் ஒன்று: புகை வந்தால் முடிந்து போச்சு என்று அர்த்தமில்லை

பிளக்கை உருவி விட்டு, சார் பக்கத்தில் நிற்க, பவர் சப்ளை பெட்டியைத் திறந்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட் ஏ.சி.யை நேராக டி.சி. ஆக்கினால் உச்ச அளவு 325 வோல்ட் வரும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது பெரிய கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் இருக்கும். கொஞ்சம் பொறுத்து, மீட்டர் வைத்து, வோல்டேஜ் இறங்கி விட்டது என்று பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். தனியாக யாரும் இதைச் செய்யாதீர்கள்.

வெடித்தது எது தெரியுமா? மெயின்ஸ் லைனில் வரும் இரைச்சலை வடிகட்டுவதற்காக பேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் போட்டிருந்த ஒரு சின்ன கெப்பாசிட்டர். அந்தக் காலத்தில் இதை உலோகம் பூசிய காகித அடுக்குகளைச் சுற்றி, மேலே பிசின் மாதிரி உறை ஊற்றிச் செய்திருக்கிறார்கள். வருஷம் ஆக ஆக உறையில் கீறல் விழும். கோடையில் நம்ம கரிசல் காடு வெடித்துக் கிடக்குமே, அதே மாதிரி. கீறல் வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே போகும். பிறகு என்றைக்காவது கரண்டு கொடுத்தால் புகைதான்! திறந்து பார்த்திருந்தால் கண்ணாலேயே கீறல் தெரிந்திருக்கும். மெஷின் மேல் தப்பில்லை. பார்க்காமல் சுவிட்ச் போட்ட என் மேல்தான் தப்பு.

அதே மதிப்பில் எக்ஸ்2 வகை கெப்பாசிட்டர் வாங்கிப் போட்டோம். சாதாரண கெப்பாசிட்டரை அந்த இடத்தில் போடவே கூடாது. மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே நிற்பதற்கென்றே செய்த வகை அது. பிறகு மீட்டர் வைத்தோம். 5 வோல்ட் சரியாக வந்தது.

பாடம் இரண்டு: மெஷின் பேசுகிறது

மறுபடி சுவிட்ச். இப்போது 'பூ...ம்' என்று ஒரே சத்தம். நிற்கவே இல்லை. பழைய டிவி ஒன்றைத்தான் மானிட்டராக மாட்டியிருந்தோம். அதில் உருப்படியாக ஒரு எழுத்துகூட இல்லை. "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்று எல்லோரும் கலைந்து விட்டார்கள்.

ஆனால் அந்தச் சத்தம்தான் துப்பு! இந்த மெஷினில் கரண்டு வந்ததும் சவுண்டு சிப் தானாகவே கத்த ஆரம்பிக்கும். பிராசசர் விழித்து ரோமில் உள்ள புரோகிராமை ஓட்டும்போதுதான், "நீ வாயை மூடு" என்று அதை அடக்கி விட்டு 'பீப்' என்று ஒரு குரல் கொடுக்கும். நல்ல மெஷின் 'பூம்... பீப்' என்று சொல்லும். 'பூம்' மட்டும் நிற்காமல் வந்தால் என்ன அர்த்தம்? கரண்டு இருக்கிறது, சவுண்டு சிப் இருக்கிறது, பிராசசர் வேலையைத் தொடங்கவில்லை. ஒரே சத்தத்தில் இவ்வளவு சேதி!

நம்ம ஊரில் இது புது விஷயமா? கடலைமிட்டாய் போடுகிறவர்களைப் பாருங்கள். பாகைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போடுவார்கள். 'டங்' என்று கேட்டால்தான் பதம். அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் கடலையைக் கொட்ட மாட்டார்கள். காதால் கேட்டு முடிவு செய்யும் வித்தை நம் மண்ணிலேயே இருக்கிறது. நாம்தான் லேபுக்குள் நுழைந்ததும் அதை மறந்து விடுகிறோம்.

பிராசசர் ஓட மூன்று விஷயம் வேண்டும்: கரண்டு, க்ளாக், ரீசெட். 6502இல் 8ஆம் பின்னில் 5 வோல்ட் இருந்தது. சி.ஆர்.ஓ. வைத்து 37ஆம் பின்னைப் பார்த்தோம், க்ளாக் வந்தது. 40ஆம் பின் ரீசெட். சுவிட்ச் போட்டதும் கொஞ்ச நேரம் தாழ்ந்து இருந்து, பிறகு உயர வேண்டும். அது உயரவே இல்லை, தாழ்ந்தே கிடந்தது. பிராசசரை யாரோ தலையில் கை வைத்து அமுக்கிக் கொண்டே இருக்கிற மாதிரி!

நாம் படிக்கிற 8051இல் 9ஆம் பின் உயர்ந்தால் ரீசெட். இதில் தாழ்ந்தால் ரீசெட். வைவாவில் இதைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்லி விடுவோம். எனக்கு அது நிஜமாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

ரீசெட் துடிப்பைக் கொடுப்பது யார் என்று பின்னோக்கிப் போனால், நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள்: 555 டைமர்! முதல் வருஷத்திலிருந்து எல்.இ.டி. மின்ன வைக்கப் பயன்படுத்துகிறோமே, அதே 555. பழசைக் கழற்றி, சாக்கெட் வைத்து, புதுசைச் சொருகினோம். செலவு ஒரு டீ, ஒரு வடை காசுதான்.

சுவிட்ச் போட்டோம். 'பூம்... பீப்!'

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

பாடம் மூன்று: எழுதியிருப்பதைப் படி

திரையில் எழுத்து வந்தது. ஆனால் மெஷின் பெயருக்குக் கீழே 'லாங்குவேஜ்?' என்று கேள்வி. கீபோர்டைத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பின்னடைவு என்றுதான் நினைத்தோம். சார் சிரித்தார். "இதைவிடத் தெளிவா எந்த மெஷின்டா சொல்லும்? பேசிக் மொழி இருக்கிற சிப்பைக் காணோம்னு சொல்லுது." பேசிக் ரோமைச் சாக்கெட்டிலிருந்து மெதுவாக எடுத்து, கால்களைச் சுத்தம் செய்து, திரும்ப அழுத்தினோம். இத்தனை வருஷத்தில் கால்களில் களிம்பு ஏறி கான்டாக்ட் விட்டிருந்தது, அவ்வளவுதான். அடுத்த முறை 'பேசிக்' என்று வந்து, கட்டளைக்காகக் காத்து நின்றது.

ஒரே மெஷினில் மூன்று பழுது. மூன்றிலும் நாங்கள் "போர்டு போச்சு" என்றோம். மூன்றிலும் போர்டு போகவில்லை!

"இது எதுக்குப்பா இப்ப?"

இப்படிக் கேட்கிற நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்றைய செல்போனில் எல்லாம் ஒரே சிப்புக்குள் அடக்கம். மீட்டர் வைத்துப் பார்க்க இடமே இல்லை. சர்வீஸ் சென்டரிலும் போர்டை மாற்றுவதுதான் வழக்கம், வாடிக்கையாளருக்கு அவசரம். இன்டர்வியூவில் யாரும் 6502 பற்றிக் கேட்கப் போவதில்லை. எல்லாம் சரி.

ஆனால் அதே காரணத்தால்தான் இந்தக் கிழவர் நமக்குத் தேவை என்கிறேன். புது மெஷினில் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. இதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிப், ஒவ்வொரு சிப்புக்கும் கால், ஒவ்வொரு காலிலும் மீட்டரை வைக்கலாம். இன்னொன்று தெரியுமா? இதை வடிவமைத்ததில் பெரும் பங்கு வகித்த சோபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும்தான் அதே கம்பெனியில் அடுத்து ஆர்ம் பிராசசரை உருவாக்கினார்கள். முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரலில் ஓடியது. அதைச் சோதித்துப் பார்த்ததும் பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போன்களில் இருப்பது அந்த ஆர்ம் வம்சம்தான். தாத்தாவை எடைக்குப் போட்டு விட்டுப் பேரனைப் பற்றிப் படிக்கிறோம்!

படித்து முடித்து நாம் போகப் போகிற மில்லிலும் தீப்பெட்டி ஆலையிலும் நிற்கிற மெஷின் எல்லாம் நேற்று வந்தவை அல்ல. நின்று போனால் முதலாளி கேட்கிற கேள்வி "என்ன பழுது?" என்பதுதான். அங்கே "வேற மெஷின் குடுங்க" என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். காலேஜில் சேர்ந்த அன்றைக்கு அம்மா சொல்லி அனுப்பியது, "எதையும் தொட்டு உடைச்சிராதய்யா, காசு கட்டச் சொல்லிருவாங்க." இரண்டு வருஷம் அந்தப் பயத்தில்தான் லேபில் நின்றேன். பக்கத்தில் இருப்பவன் செய்வதைப் பார்த்து ரெக்கார்டு எழுதினேன். என்னைப் போல இங்கே எத்தனையோ பேர் உண்டு. நமக்கு மூளை குறைவு இல்லை, தொடப் பயம். நம் பயம் போக, கெட்டாலும் யாரும் கேட்காத ஒரு மெஷின் லேபில் இருக்க வேண்டும். இதோ இருக்கிறது. அதைத்தான் வெளியே தள்ளப் பார்க்கிறோம்!

என் வேண்டுகோள்

மாணவர் பேரவைக்கு மூன்றே வேண்டுகோள். ஒன்று, அந்த பிபிசி மைக்ரோவைக் கண்டம் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லித் துறைத் தலைவரிடம் பேச வேண்டும். இரண்டு, வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியர் முன்னிலையில் பழுது பார்க்கும் வகுப்பு வேண்டும். மார்க் வேண்டாம், மெஷின் இருந்தால் போதும். மூன்று, லேபில் ஒரு 'பழுது நோட்டு' வைக்க வேண்டும். என்ன சத்தம் வந்தது, எந்தக் காலில் எவ்வளவு வோல்ட், கடைசியில் என்ன பழுது என்று தேதி போட்டு எழுத வேண்டும். அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு அதைவிட நல்ல புத்தகம் கிடைக்காது. முதல் பக்கத்தில் நான் புகை வர வைத்த கதையையே எழுதித் தருகிறேன்!

நண்பர்களே! நாளைக்கு உங்கள் முன்னால் ஒரு மெஷின் ஓடாமல் நின்றால், "போச்சு" என்று சொல்லும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கண்ணால் பாருங்கள். காதால் கேளுங்கள். கரண்டு, க்ளாக், ரீசெட் என்று வரிசையாகப் போங்கள்.

அப்போதும் ஓடவில்லையா? பரவாயில்லை. ஏன் ஓடவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் படிப்புக்கு அதுதானே கூலி!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை