கழற்ற முடியாத பேட்டரியும் சர்க்காரின் கடமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைபேசி முதலிய சாதனங்களை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்பதற்கு மதிப்பெண் கொடுத்து, அதை வாங்குகிறவருக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்று, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நியமித்த குழு 2025 மே மாதத்தில் அறிக்கை சமர்ப்பித்தது. நல்ல காரியந்தான். ஆனால், பேட்டரியைப் பசையிட்டு ஒட்டவும், நினைவகச் சில்லுகளைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடவும் கம்பெனிகளுக்குள்ள சுதந்திரம் அப்படியே இருக்கையில், மதிப்பெண் மாத்திரம் ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம் தரும்?

என் மடிக்கணினியில் நினைவகம் பழுதானபோது, போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், அதற்குப் புதிய கணினியே வாங்கிவிடலாம் என்றார்கள், கம்பெனியின் சர்வீஸ் சென்டரில். சென்னை ரிச்சி தெருவில் எந்தப் பாகத்தையும் தேடிப் பிடித்துப் பொருத்திக் கொடுக்கும் கைதேர்ந்த தொழிலாளிகளுங்கூட, கழற்றுவதற்கு இடமே வைக்காமல் செய்த பொருளின் முன் கையைப் பிசைந்து நிற்கிறார்கள். திரையும் விசைப்பலகையும் குறைவின்றி இருக்க, ஒரு சில்லுக்காக யந்திரம் முழுவதையும் எறியச் சொல்வது அநியாயம்.

வேறு விதமாகச் செய்ய முடியாது என்பதும் உண்மையன்று. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஃபேர்போன் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட தன் இரண்டாவது கைபேசியிலிருந்தே, திரை, காமிரா முதலிய பாகங்களை உபயோகிப்பவரே சாதாரணத் திருப்புளி கொண்டு மாற்றும்படி அமைத்து வருகிறது. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-ல் விற்கத் தொடங்கிய மடிக்கணினியிலோ, பின்னால் வந்த வேகமான போர்டைப் பழைய உடலிலேயே பொருத்திக்கொள்ளலாம். கைபேசியின் ஒவ்வோர் அங்கத்தையும் விளையாட்டுக் கட்டைகளைப்போல் மாற்றலாம் என்று கூகுள் எடுத்த முயற்சி 2016-ல் கைவிடப்பட்டது மெய்யே. அவ்வளவையும் நான் கேட்கவில்லை. அடிக்கடி தேய்கிற பாகங்களையும் காலத்தில் பின்தங்குகிற பாகங்களையும் மாற்ற வழியிருந்தால் போதும்.

பேட்டரி கழன்றால் தண்ணீர் புகும் என்ற சமாதானமும் நிற்காது. 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5, பின்மூடியை விரலால் திறக்கக் கூடியதாயிருந்தும், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் தரம் பெற்றிருந்தது. சாதனம் சற்றுத் தடித்தால்தான் என்ன? நெடுங்காலம் உழைக்கும் பொருளுக்கு அது பெரிய விலையன்று.

2022-ல் மாத்திரம் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்குக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் விழித்துக்கொண்டது: 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைபேசி மாதிரிகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்வது கம்பெனிகளின் சட்டபூர்வமான கடமை. இங்கோ, 2022 டிசம்பரில் திறந்த பழுதுபார்க்கும் உரிமை இணையதளத்தில் கம்பெனிகள் தாங்களாக முன்வந்து தரும் விவரங்களைத்தான் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் லக்ஷக்கணக்கான கைபேசிகளை இணைத்து உலகுக்கு அனுப்பும் நாட்டில், அதே கைபேசிக்கு ஓர் உதிரிப் பாகம் நியாய விலையில் கிடைக்க உத்தரவாதம் இல்லாதது சகிக்கத்தக்கதன்று.

ஆகையால், குழுவின் அறிக்கையோடு நின்றுவிடாமல், பேட்டரியும் நினைவகமும் மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும், உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் குறிப்பேடுகளும் ஏழு வருஷமாவது எந்தக் கடைக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்று பார்லிமெண்டில் சட்டம் கொண்டுவரும்படி மத்திய சர்க்காரையும், அதை அங்கே வற்புறுத்தும்படி நம் அங்கத்தினர்களையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
சென்னை.