கார்பன் மட்கார்டு போட்ட பைக், கிளவுஸ் போடாத கை

ஸ்போர்ட்ஸ் பைக் வச்சிருக்கிற தம்பி தங்கைகளுக்கும், அவங்களுக்குப் பணம் கொடுக்கிற அப்பா அம்மாவுக்கும் ஒரு நீண்ட திரெட். பாதியில கோபம் வந்தா பரவாயில்ல, முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

நான் எலும்பு முறிவு மருத்துவர். பைக்கை யார் எப்படி அலங்கரிச்சா எனக்கென்னன்னு இருந்துடலாம். ஆனா இப்ப பார்ட்ஸ் விற்கிற வீடியோக்கள்ல ஒரு புதுப் பேச்சு ஓடுது. கார்பன் ஃபைபர் இரும்பைவிட ஸ்ட்ராங்காம், எடை குறைவாம், அதனால மட்கார்டு, டேங்க் கவர், சைலன்சர் ஷீல்டு எல்லாத்தையும் கார்பனுக்கு மாத்துறது ஒரு “சேஃப்டி அப்கிரேட்”ஆம். அழகுக்குன்னு சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சேஃப்டின்னு சொன்னா அது என் ஏரியா.

முதல்ல எடை. யமஹா ஆர்15 வி4 பெட்ரோலோட சேர்த்து 142 கிலோ. அதோட டேங்க் 11 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. அதாவது ஃபுல் டேங்குக்கும் அரை டேங்குக்கும் 4 கிலோ வித்தியாசம். அரை டேங்கில ஓட்டும்போது வண்டி பறக்குதுன்னு என்னைக்காவது உணர்ந்திருக்கீங்களா? நீங்க கழட்டுற மட்கார்டு ஏற்கெனவே பிளாஸ்டிக். அதைக் கார்பனா மாத்தினா மிச்சம் சில நூறு கிராம். காலையில சாப்பிட்ட நாலு இட்லியும் சாம்பாரும் அதுக்கு மேலயே இருக்கும்.

எடை உண்மையிலேயே குறையுற இடங்கள் இருக்கு. வீல், சேஸி, ஸ்விங்ஆர்ம். டுகாட்டி 2020-ல கொண்டுவந்த சூப்பர்லெஜேரா வி4-ல இது எல்லாமே கார்பன். மொத்தம் 500 வண்டிதான் செஞ்சாங்க. அதை வடிவமைச்சவங்க ஒவ்வொரு இழையும் எந்தத் திசையில படுக்கணும்னு கணக்குப் போட்டுச் செஞ்சவங்க. 1981-ல மெக்லாரன் ஃபார்முலா 1 காருக்கு கார்பன் கூடு கொண்டுவந்தபோதும் அப்படித்தான். அதே வருஷம் மொன்சாவில ஜான் வாட்சனோட கார் மோதிச் சிதறியது, ஓட்டுநர் நடந்து வெளிய வந்தார். அந்த ஒரு விபத்தைக் காட்டி உங்களுக்கு மட்கார்டு விக்கிறாங்க. வாட்சனைக் காப்பாத்தினது அவரைச் சுத்தி இருந்த கூடு. உங்க பைக்ல உங்களைச் சுத்தி என்ன கூடு இருக்கு? நீங்கதான் வெளிப்புறம்.

அடுத்து ஸ்ட்ராங் விஷயம். இதை எலும்பை வச்சுச் சொன்னா சுலபமா புரியும். எலும்பும் கார்பன் பார்ட் மாதிரி ஒரு கூட்டுப்பொருள்தான். உள்ள கொலாஜன் இழை, அதைச் சுத்தி கால்சியம் பாஸ்பேட் தாது. குழந்தை விழுந்தா எலும்பு பச்சைக் குச்சி மாதிரி வளைஞ்சு ஒரு பக்கம் மட்டும் விரியும். வயசானவங்க எலும்பு வளையாது, படக்குனு உடையும். கம்பெனி பிளாஸ்டிக் மட்கார்டு குழந்தை எலும்பு ரகம். கார்பன் தாத்தா எலும்பு ரகம். ஒரு எல்லை வரைக்கும் விறைப்பா நிக்கும், அதைத் தாண்டினா எச்சரிக்கை இல்லாம உடையும்.

அதைவிடக் கவலையானது, வெளிய தெரியாத சேதம். ஸ்டாண்ட் சரிஞ்சு பார்க்கிங்ல ஒரு தடவை விழுந்திருக்கும். மேல பார்த்தா பளபளன்னு இருக்கும். உள்ள அடுக்குகள் ஒண்ணை விட்டு ஒண்ணு பிரிஞ்சிருக்கும். எலும்புல இப்படி மயிரிழை விரிசல் வந்தா உடம்பு அதை ஒட்ட வைக்கும். பிசின் ஒட்டாது. டேங்க் கவர்ல இப்படி ஆனா ஒண்ணும் இல்ல. முன் மட்கார்டுல ஆனா? அது உடைஞ்சு முன் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில போய்ச் சிக்குச்சுன்னா சக்கரம் லாக். 80-ல போறப்ப முன் சக்கரம் லாக் ஆனா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொண்ணு. நீங்க வாங்குறது கார்பன்தானான்னு முதல்ல பாருங்க. கடையில கிடைக்கிறதுல கணிசமானது கார்பன் மாதிரி பிரிண்ட் போட்ட ஸ்டிக்கர், இல்லன்னா கண்ணாடி இழை மேல ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி. ஆட்டோகிளேவ்ல அழுத்தி வேகவச்சது வேற, கையால பிசின் தடவி எடுத்தது வேற. போட்டோவில ரெண்டும் ஒண்ணுதான்.

ஃபிட்டிங்குக்கு வருவோம். ஜி.பி. ரோட்டுல இருந்து புதுப்பேட்டை வரைக்கும் கை தேர்ந்தவங்க இருக்காங்க, மறுக்கல. ஆனா ஓட்டை பொருந்தலன்னா அவங்க என்ன செய்றாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க. டிரில் எடுத்து ஓட்டையைப் பெருசாக்குவாங்க. அங்கதான் இழை அறுந்து விரிசல் ஆரம்பிக்குது. பழைய போல்ட்டை அதே இறுக்கு இறுக்குவாங்க. பிளாஸ்டிக் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், கார்பன் கொடுக்காது. ரப்பர் வாஷர் கேட்டா சிரிப்பாங்க. பல பைக்ல பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் ஒயரையும் பிடிக்கிற கிளிப் மட்கார்டை ஒட்டித்தான் இருக்கும். புது மட்கார்டுல அந்த இடமே இருக்காது. ஒரு டேக் போட்டுக் கட்டி அனுப்பிடுவாங்க. ஹேண்டிலை முழுசா திருப்பும்போது அது இழுபடுதா, டயர்ல உரசுதான்னு யாரும் பார்க்கிறதில்லை. சில வண்டியில மட்கார்டுக்குள்ள ஒரு இரும்புப் பட்டை ரெண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிச்சிருக்கும். அதையும் “வெயிட்டு”ன்னு கழட்டிப் போட்டவங்க உண்டு.

125 சிசிக்கு மேல உள்ள புது வண்டிக்கெல்லாம் 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். அதுக்கு அரசாங்கமும் கம்பெனியும் பட்ட பாட்டை ஒரு பிளாஸ்டிக் டேக் தோற்கடிக்குது.

வீட்டு மொட்டை மாடியில நீங்களே அறுத்துத் தேய்க்கிறீங்களா? அந்தக் கருப்புத் தூள் ஆஸ்பெஸ்டாஸ் இல்ல, அந்தப் பீதி வேண்டாம். இழை ஒவ்வொண்ணும் 5 முதல் 7 மைக்ரான் தடிமன், பெரும்பாலும் நுரையீரலின் ஆழம் வரைக்கும் போகாது. ஆனா தோல்ல குத்தும், கண்ணை உறுத்தும், தொண்டையை அரிக்கும். என்95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை போட்டு, தண்ணி தெளிச்சு ஈரமா தேயுங்க. அந்தச் சட்டையைக் குழந்தை துணியோட சேர்த்துத் துவைக்காதீங்க. எபாக்ஸி பிசினை வெறும் கையில தொடவே தொடாதீங்க. சிலருக்கு அலர்ஜி வரும், ஒரு தடவை வந்தா ஆயுசுக்கும் போகாது.

இதோட சேர்த்து பின்னாடியும் கத்தி வைக்கிறீங்க. சேலை கார்டு, பின் மட்கார்டு, ரிஃப்ளெக்டர் மூணும் போயிடுது. சேலை கார்டு அசிங்கமா இருக்குன்னு சொல்ற தம்பி, அது உங்களுக்கு இல்ல, பின்னாடி உட்காரும் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும். பின் சக்கரத்துல பாதியையாவது துணி சிக்காம மூடணும்னு மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. துப்பட்டா சக்கரத்துல சுத்தினா இறுகுறது கழுத்துல. ரிஃப்ளெக்டர் இல்லாத வண்டி ராத்திரி ஈசிஆர்ல பின்னால வர்ற லாரிக்குத் தெரியாது. வண்டியின் அடிப்படை விவரங்களைத் தயாரிப்பாளர் கொடுத்ததுக்கு மாறா மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் தெளிவா சொல்லிடுச்சு.

சரி, என் உண்மையான கோபத்துக்கு வர்றேன். அது கார்பன் மேல இல்ல.

முப்பதாயிரம், நாற்பதாயிரம்னு பார்ட்ஸ் போட்ட வண்டியை ஓட்டிட்டு விழுந்து வர்றவங்க கையைப் பார்க்கிறேன். கிளவுஸ் இல்ல. விழும்போது மனுஷன் கையை ஊன்றுவான், அது அனிச்சை, யாராலயும் தடுக்க முடியாது. உள்ளங்கைத் தோல் தார் ரோட்டுல போயிடும். மணிக்கட்டுல ஸ்காஃபாய்டுன்னு ஒரு குட்டி எலும்பு, முந்திரிப்பருப்பு அளவுதான். அதுக்கு ரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கித்தான் வருது. அதனால உடைஞ்சா சில பேருக்கு மாசக்கணக்குல ஒட்டாது. ஒரு துண்டு செத்தும் போகலாம். முதல் நாள் எக்ஸ்-ரேயில தெரியாமலும் போகலாம். ரெண்டு கையிலும் கட்டுப் போட்ட இருபது வயசுப் பையனுக்கு அம்மா சோறு ஊட்டுறாங்க. அது பரவாயில்ல. பாத்ரூம் போனா யார் கழுவிவிடுறதுன்னு யோசிச்சிருக்கீங்களா? வார்டுல அந்தப் பையன் முகத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

ஜாக்கெட் இல்லாம உரசினா மணலும் தாரும் தோலுக்குள்ள பதிஞ்சிடும். உடனே தேய்ச்சு எடுக்கலன்னா பச்சை குத்தின மாதிரி நிரந்தரமா நிக்கும். தேய்க்கிறதுன்னா பிரஷ் வச்சுத்தான். அதுக்கே பல பேருக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கு.

ஹெல்மெட் பற்றி எண்ணிக்கையே பேசட்டும். 2022-ல இந்தியாவில சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர். அந்த வருஷம் விபத்துகளோட எண்ணிக்கையில நாட்டுலயே முதலிடம் நம்ம தமிழ்நாடு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கைப்படி, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதம், தலைக்காய அபாயத்தை 69 சதவீதம் குறைக்குது. எந்த மட்கார்டு இதைச் செய்யும்? கார்பன் மேல அவ்வளவு ஆசைன்னா கார்பன் ஹெல்மெட்டே கிடைக்குது, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கிக்கோங்க. ஆனா அதிலயும் அடியின் வேகத்தை நசுங்கி வாங்கிக்கிறது உள்ள இருக்கிற தெர்மகோல்தான். அதுவும் தாடைக்குக் கீழ பக்கிள் போட்டாத்தான்.

இனி சொல்றதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. கார்பன், எக்ஸ்-ரே கதிரைக் கிட்டத்தட்டத் தடுக்கவே தடுக்காது. அதனாலதான் சி.டி. ஸ்கேன்ல நீங்க படுக்கிற பலகையே கார்பன் ஃபைபர். உடைஞ்ச காலுக்கு வெளியில நாங்க மாட்டுற கம்பிச் சட்டத்துலயும் கார்பன் தடி உண்டு, உள்ளே எலும்பு மறைக்காம தெரியணும்னு. இதே நல்ல குணம் உங்களுக்கு எதிரா திரும்பும். உடைஞ்ச கார்பன் ஊசி மாதிரி சிம்பு சிம்பா இருக்கும். அது தொடைக்குள்ள போனா, இரும்புத் துண்டு மாதிரியோ கண்ணாடி மாதிரியோ எக்ஸ்-ரேயில தெரியாது. காயத்தைத் தையல் போட்டு மூடிட்டா உள்ள தங்கிச் சீழ் பிடிக்கும். அதனால விபத்துன்னு கேஷுவால்டிக்கு வந்தா, நீங்களோ கூட வந்த நண்பரோ முதல் வார்த்தையா “வண்டியில கார்பன் பார்ட்ஸ் உடைஞ்சிருக்கு”ன்னு சொல்லுங்க. நாங்க காயத்தைத் திறந்து தேடுவோம், அல்ட்ராசவுண்ட் வச்சுப் பார்ப்போம். ரோட்டுல கிடக்கிற துண்டுகளை வெறும் கையால பொறுக்காதீங்க.

“அப்ப போடவே கூடாதா டாக்டர்?”னு கேட்பீங்க. போடுங்க. உங்க காசு, உங்க ரசனை, கார்பன் நெசவு வெயில்ல மின்னுறது எனக்கும் பிடிக்கும். வரிசையை மட்டும் மாத்துங்க. ஹெல்மெட், கிளவுஸ், நல்ல டயர், பிரேக் பேடு, ஜாக்கெட், கணுக்காலை மூடுற பூட்ஸ். இத்தனையும் வாங்கின பிறகு கையில காசு மிஞ்சினா டேங்க் கவர்ல இருந்து ஆரம்பிங்க. முன் மட்கார்டைக் கடைசியா வச்சுக்கோங்க.

ரேஸ் டிராக் பழக்கம் இருக்கிறவங்க “எடை குறைஞ்சா லேப் டைம் குறையும்”னு வருவீங்க. சரிதான். இருங்காட்டுக்கோட்டையிலயோ கோயம்புத்தூர் கரி டிராக்கிலயோ ரேஸ் சூட் இல்லாம உங்களை உள்ள விடுவாங்களா? அங்க மாடு குறுக்க வராது, எதிர்த்திசையில ஆட்டோவும் வராது. அங்கயே தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டுப் போற நீங்க, ஞாயித்துக்கிழமை கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் டி-ஷர்ட்ல ஏறுறீங்க.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையன் அடுத்த தடவை பைக்குக்குக் காசு கேட்டா மறுக்க வேண்டாம். கூடவே கடைக்குப் போங்க. முதல் பில் கிளவுஸுக்குப் போடச் சொல்லுங்க.

கமென்ட்ல உங்க வண்டியில என்ன மாத்தியிருக்கீங்கன்னு போடுங்க. மட்கார்டு மாத்தினவங்க, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பார்த்துட்டு வந்து எழுதுங்க.